எரிந்த கரும்பின் முறை

எரிந்த கரும்பு காத்திருக்காது. எங்கள் பக்கத்தில் கரும்பு போட்ட எல்லோருக்கும் இது தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் சர்க்கரையை டப்பாவில்தான் பார்த்திருப்பீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கரும்பு நட்டவர் தான் நினைத்த நாளில் வெட்ட முடியாது. நட்ட தேதியை ஆலையில் பதிய வேண்டும். அந்த வரிசைப்படி வெட்டு உத்தரவு வரும். உத்தரவோடு வெட்டுகிற ஆட்களும் லாரியும் வருவார்கள். பதினோரு மாதத்தில் வெட்டினால் உள்ளே சாறு இருக்கும். பதிமூன்று மாதம் தாண்டினால் கரும்பு பூவெடுத்துவிடும், தண்டுக்குள் சாறு வற்றி நெட்டி விழும், கட்டைத் தூக்கினால் விறகுக்குச்சி கனம்கூட இருக்காது. ஆனால் தீப்பிடித்த கரும்பை ஒன்றிரண்டு நாளில் அரைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். எனவே எரிந்த வயலுக்கு வரிசை கிடையாது. விலையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு உடனே ஏற்றிக்கொள்வார்கள். உத்தரவு வராமல் தவித்துப்போன சிலர் தங்கள் பயிருக்குத் தாங்களே நெருப்பு வைத்ததும் உண்டு. கேட்டால் மின்கம்பியில் பொறி விழுந்தது என்பார்கள்.

காசியம்மாள் வைத்த நெருப்பும் அப்படிப்பட்டதுதான்.

காசியம்மாளின் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அவளும் அவள் புருஷன் வரதனும் சின்ன வயதிலிருந்து அடுத்தவர் கழனியில் கரும்பு வெட்டியவர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால்தான் ஒன்றேகால் ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். பிறகு வரதன் படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். விடிவதற்குள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், யாரும் கால் வைக்காத புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்புவார். கழனி முழுக்கக் காசியம்மாள் பொறுப்பு. கரும்பை விரலால் சுண்டிப் பார்த்தே அதில் எவ்வளவு சாறு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அவள் கழனிக்கு மேற்கே ஆபிரகாமின் கழனி. ஒரே வரப்புதான் நடுவில். ஆபிரகாமும் அவர்களோடு ஒரே வெட்டுக் கூட்டத்தில் இருந்தவர். அவர் மனைவி செல்லம்மாவும் காசியம்மாளும் ஒரே பானையில் கூழ் கரைத்துக் குடித்தவர்கள். காசியம்மாள் அவரை அண்ணாத்த என்பாள், செல்லம்மாவை அண்ணி என்பாள்.

அந்த வருஷம் உத்தரவு வரவே இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு ஆலை மூடி இரண்டு வருஷமாகியிருந்தது. அதன் கரும்பும் இந்த ஆலைக்கே வந்தது. இந்த ஆலையோ பழசு. ஒரு காலத்தில் நாளைக்கு இரண்டாயிரத்தைந்நூறு டன் அரைத்தது, இப்போது அதில் பாதி அரைத்தால் பெரிது. இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் நிற்கும். கரும்பைப் பிடுங்கிவிட்டுச் சவுக்கு நட்டவர்கள் பாதிப்பேர். மனைக்கல் நட்டவர்கள் கால்வாசிப்பேர். மிச்சமிருந்த கொஞ்சப் பேரின் கரும்புதான் இப்படி வரிசையில் நின்றது. தொலைக்காட்சியில் மட்டும் நாட்டில் இத்தனை லட்சம் டன் சர்க்கரை உற்பத்தி, அதை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆபிரகாம் அதைக் கேட்டுவிட்டு, “நாட்டுல கரும்பு நெறஞ்சி வழியுதுன்றான். அப்ப என் கழனி எந்த நாட்ல கீது?” என்று கேட்டு டீக்கடையையே சிரிக்க வைத்தார்.

பங்குனி பிறந்தது. காசியம்மாளின் கரும்புக்கு வயது பதினான்கு மாதம். பூவெல்லாம் பஞ்சாகப் பறந்தது. ஆலையின் களப்பணியாளர் நரசிம்மன் இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே போனார். பதிவு வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்த ஆபிரகாமுக்குப் புதன்கிழமைக்கு உத்தரவு வந்தது. செல்லம்மா அந்தச் சீட்டை எடுத்து வந்து காட்டினாள். காசியம்மாளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் சுண்டிப் பார்த்த கரும்பில் மூன்று கணு ஏற்கெனவே வெற்றோசை தந்தது. இன்னும் இரண்டு வாரம் போனால் முழுக்கழனியும் அடுப்புக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் மேற்கு வரப்போரம் நான்கு சால் வரிசை அகலத்துக்குக் கரும்பை வெட்டி உள்ளே தள்ளி, காய்ந்த தோகையான சோகையெல்லாம் வாரிச் சுத்தம் செய்தாள். மாட்டுக்கா என்று கேட்ட செல்லம்மாவிடம், ஆமாம் என்றாள். உண்மையில், நெருப்பு பக்கத்துக்காரர் பயிருக்குத் தாவக்கூடாது, அதற்காக. காற்றையும் கணக்குப் பண்ணியிருந்தாள். எங்கள் பக்கத்தில் காலையில் காற்று மேற்கிலிருந்து வரும், பதினொரு மணிக்கு மேல்தான் கடல்காற்று திரும்பும். காலையிலேயே வைத்தால் நெருப்பு கிழக்கே கால்வாய் வரைக்கும் போய் அணைந்துவிடும். எரிந்த கரும்புக்கு ஆலை தனி லாரியும் தனி ஆட்களும் அனுப்பும். முன்பெல்லாம் அப்படித்தான் அனுப்பினார்கள். அவள் கணக்கில் ஆபிரகாமின் முறை எங்குமே வரவில்லை.

புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு வைத்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் பதினைந்து ஆட்கள் ஆபிரகாமின் கரும்பில் வெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி மண்பாதையில் நின்றது. காசியம்மாள் வீட்டுக்கு நடந்து போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். யாராவது கத்தும்வரைக்கும் தேய்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கரும்பு எரிகிற சத்தம் உங்களுக்குத் தெரியாது. பட்டாசுக் கட்டைப் பற்றவைத்தது போல ஒவ்வொரு கணுவும் வெடிக்கும். அவள் ஓடி வந்தபோது பாதிக்கழனி போயிருந்தது. ஆனால் அன்றைக்குக் கடல்காற்று ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிட்டது. நெருப்பு படுத்துக்கொண்டு மேற்கே வந்தது. வரப்போரம் அவள் ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பொறி பறந்தது. ஆபிரகாம் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வரப்பின்மேல் நின்று, பச்சைச் சவுக்குக் கிளையால் அடித்துக்கொண்டிருந்தார். தன் கரும்பை விட்டுவிட்டு, அவள் கழனிக்குள் நான்கடி இறங்கி நின்று அடித்தார். வெட்டு ஆட்களும் சேர்ந்தார்கள். தீ ஓய்ந்தபோது அவர் வலது முன்கையில் தோல் சுருண்டிருந்தது.

நரசிம்மன் வந்தார். அந்தச் சுத்தமான நான்கு சால் இடத்தைப் பார்த்தார். பிறகு காசியம்மாளைப் பார்த்தார். கழனிக்குமேல் போகும் மின்கம்பியையும் பார்த்தார்.

“ஒயர்ல பொறி விழுந்துச்சின்னு எழுதிக்கிறேன். சரிதானேம்மா?”

அவள் தலையசைத்தாள்.

தனி லாரி இல்லை என்று அப்போதுதான் அவர் சொன்னார். ஆள் கிடைப்பதே இல்லை, இருக்கிற ஒரே கூட்டம் இதுதான், நான்கு நாளைக்கு ஆபிரகாம் கழனியிலேயே. அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். நான்கு நாளில் எரிந்த கரும்பு புளித்துத் தெருவில் நாறும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். செல்லம்மா புருஷனின் கையில் கற்றாழையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“சார், வெட்டு மேஸ்திரிய அப்படியே வரப்பு தாண்டச் சொல்லு,” என்றார் ஆபிரகாம். “எரிஞ்சது நிக்காது. என்னுது பச்சை, நாலு நாளு நிக்கும்.”

“யோசிச்சிக்கோ அண்ணாத்த,” என்றார் நரசிம்மன். “அரவை எத்தினி நாளு ஓடும்னு எனக்கே தெரியாது.”

“ஓடும் சார். உங்க ஆலை கெழவி மாதிரி. இருமிகினே நூறு வயசு இருக்கும்.”

வெட்டு ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைத் தாண்டினார். அவர் பின்னால் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். பதினைந்து பேர் தாண்டி முடிக்க எவ்வளவு நேரமாகும்? அந்த நேரம் முழுக்கக் காசியம்மாளின் வாய் திறந்துதான் இருந்தது. கடைசியில் வந்த பேச்சு இவ்வளவுதான்:

“அண்ணாத்த, உன் கையி.”

“கை வெந்தா ஆறும் காசி. போ, ஆளுங்களுக்குத் தண்ணி கொண்டா.”

அன்று மாலை வரதன் வந்து, கரியான கழனியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கை கால் கழுவினார். அடுப்பங்கரையில் உட்கார்ந்த பிறகு அவளே சொன்னாள்.

“நான்தான் வெச்சேன்.”

வரதன் தட்டிலிருந்த கருவாட்டுத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யார் யாருக்கெல்லாம் தெரியும்?”

“உனக்கு மட்டும்.”

“அப்ப எனக்கும் தெரியாது,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

வியாழனும் வெள்ளியும் அவள் கரும்பு ஏறியது. முகமெல்லாம் கரியாக, ஆட்களோடு சேர்ந்து அவளும் வெட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி லாரி கிளம்பியது. சனிக்கிழமை ஆட்கள் திரும்ப ஆபிரகாமின் கழனிக்கு வரவேண்டும். வரவில்லை. நரசிம்மன்தான் வந்தார். ஆலையில் உருளையின் தண்டு முறிந்துவிட்டதாம். வெளியூரிலிருந்து சாமான் வந்து சேர மூன்று வாரமாகும். அதற்குள் வெயில் ஏறிவிடும். மிச்சமிருக்கிற கரும்புக்காக மறுபடி கொதிகலனை மூட்டினால் கட்டாது என்று, அந்தப் பருவத்து அரவை முடிந்ததாக ஆலையில் எழுதி ஒட்டிவிட்டார்கள். வேறு ஆலைக்குப் போகவேண்டுமானால் மூன்று மாவட்டம் தாண்ட வேண்டும்.

ஆபிரகாம் கோபப்படவில்லை. நரசிம்மனை உட்கார வைத்து மோர் கொடுத்தார். அவர் போன பிறகுதான் கழனிக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

காசியம்மாள் வரதனிடம், போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். வரதன் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“சொன்னா அவரு கரும்பு ஆலைக்குப் போவுமா? போவாது. உன் மனசுதான் லேசாவும். உனக்கு லேசாவறதுக்கு அவரு நெஞ்சுல கல்லத் தூக்கி வெப்பியா?”

“வெச்சா இன்னா? அது அவரு கல்லுதானே.”

“வெய்யி. அப்பறம் இருவது வருசமா பழகின அந்த மொகத்த எங்க போய்த் தேடுவ?”

அவள் ஆபிரகாம் வீட்டுப் பக்கம் போகவில்லை. சொல்லாமல் படுத்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஊர்ச் சர்ச் சின்னது, ஒலிபெருக்கி மட்டும் பெரிது. ஆராதனை முடிகிற நேரத்தில் யாராவது எழுந்து சாட்சி சொல்வது வழக்கம்: பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தது, மகனுக்குக் கேளம்பாக்கத்தில் வேலை கிடைத்தது என்று. காசியம்மாள் தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். செல்லம்மாவின் குரல் ஊரெல்லாம் கேட்டது. மைக்கில் பேசிப் பழக்கமில்லாததால் அது நடுங்கியது.

“எங்க பக்கத்துக் கழனிக்காரம்மா கரும்பு எரிஞ்சிபோச்சி. எங்க முறைய வுட்டுக் குடுத்தோம். எங்களுது நின்னுபோச்சி. வூட்டுக்காருக்கு மனசு தாங்கல, ராத்திரியெல்லாம் ஒக்காந்துகினு கீறாரு. ஆனா ஆண்டவரு அந்தம்மா பயிரக் காப்பாத்திக் குடுத்தாரு. அதுக்கு ஸ்தோத்திரம்.”

உள்ளே எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்ற பெண் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் காசியம்மாள் குடத்தை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆபிரகாம் தன் கழனியில் தனியாக வெட்டிக்கொண்டிருந்தார். மாமல்லபுரத்திலும் திருவிடந்தை ரோட்டிலும் கரும்புச்சாறு பிழிகிற வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆலைக்கரும்பு அவர்களுக்குப் பிடிக்காது. தோல் தடிப்பு, மெஷின் சிக்கும். இருந்தாலும் வெயில் காலம், குறைத்துக் கொடுத்தால் எடுப்பார்கள். தினம் ஒரு குட்டியானை வண்டி லோடு போனால், முழுக்க நெட்டி விழுவதற்குள் அரை ஏக்கரையாவது காப்பாற்றலாம். மிச்சம் அப்படியே நிற்கவேண்டியதுதான்.

காசியம்மாள் கத்தியோடு வந்து அடுத்த சாலில் குனிந்தாள். ஆபிரகாம் ஏன் என்று கேட்கவில்லை. வெட்டுக் கூட்டத்தில் வளர்ந்தவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. அடியோடு ஒரு வெட்டு, நுனியில் கொழுந்தாடைக்கு ஒரு வெட்டு, சோகையை உரித்து இடப்பக்கம் போடுவது. இரண்டு கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் ஆபிரகாம் இடது கையால் வெட்டினார். ஒரே வெட்டில் விழவேண்டியது மூன்று வெட்டில் விழுந்தது. காசியம்மாள் தன் வரிசையையும் வெட்டி, அவர் வரிசையிலும் பாதியை வெட்டினாள். இப்படி மூன்று நாள்.

மூன்றாம் நாள் காலையில் வண்டிக்காரர் ஒருவர் போன் செய்து, நுனியில் சாறே இல்லை, நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆபிரகாம் போனை மடியில் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தார். கைக்கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவிழ்த்தபோது காசியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“அண்ணாத்த.”

“இன்னா.”

“என் கழனில பொறி எதுவும் வுழல.”

அவர் இன்னும் இரண்டு கரும்பை வெட்டினார். “சாம்பல் கொட்டினியா? அடுப்புச் சாம்பல்ல நெருப்பு இருந்திருக்கும். அது சகஜம்.”

“இல்ல. தீப்பெட்டி எடுத்துகினு போயி வெச்சேன்.”

“வரப்போரம் சோகைய வாரினது?”

“அதுக்குத்தான். உன்னுதுக்குத் தாவக்கூடாதுன்னு.”

ஆபிரகாம் நிமிர்ந்து, கத்தியை மண்ணில் குத்தி, அதன் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“தனி லாரி வரும்னு நெனச்சேன் அண்ணாத்த. முன்ன வருமே.”

“முன்ன வரும்,” என்று ஒத்துக்கொண்டார். பிறகு, “அன்னிக்கி மேஸ்திரிய நான் கூப்புட்டப்ப நீ பக்கத்துலதான நின்ன?” என்றார்.

“நின்னேன். வாய் வரல.”

“நெருப்பே வெக்காம வந்து கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன் காசி. ஒரு வார்த்தை. வந்து கேட்டிருக்கலாம்.”

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஆபிரகாமைத் தெரிந்த யாருக்கும் தெரியும். வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைக்க முடிந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று பயந்தாள்.

ஆபிரகாம் கத்தியை மண்ணிலிருந்து பிடுங்கினார். “செல்லம்மா கிட்ட சொல்லாத,” என்றார். “நான் தாங்கிப்பேன். அவ சர்ச்ல எழுந்து சொல்லிட்டு வந்துகீறா. தெனம் உம் பேரச் சொல்லி முட்டி போடறா. அவ தாங்க மாட்டா. இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குனிந்து வெட்டினாள். வெட்டிக்கொண்டே யோசித்தாள். இந்த மனிதரின் முறையை வாங்கினோம். கையைச் சுட்டோம். இப்போது நாம் வைத்த நெருப்பை இவர் தன் பெண்சாதியிடமிருந்து மறைக்க வேண்டும். சாப்பிடும்போதும் படுக்கும்போதும், ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் மறைக்க வேண்டும். வரதன் சொன்ன கல் இதுதான் போலிருக்கிறது. அதை வைத்தாகிவிட்டது, அவர் தூக்கிக்கொண்டும் விட்டார்.

மத்தியானம் செல்லம்மா கூடையில் சோற்றுப் பானையும் மீன்குழம்பும் எடுத்து வந்தாள். சங்கராமீன், முதல் நாள் கடலோரம் போன ஆட்டோக்காரர் கொடுத்தது. கரும்புக்கட்டின்மேல் இலையை விரித்து, வழக்கம்போல முதல் இலையைக் காசியம்மாள் பக்கம் தள்ளினாள்.

“ஒக்காரு காசி. மூணு நாளா உன் வேலைய வுட்டுட்டு வந்து எங்களுக்கு ஒழைக்கற. உனக்கு நான் இன்னா செய்யப்போறேன்?”

கொஞ்ச தூரத்தில் ஆபிரகாமின் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை. முதுகை மட்டும் காட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணி, கரண்டியக் கீழ வெய்யி,” என்றாள் காசியம்மாள். “ஒண்ணு சொல்லணும். அண்ணாத்த வேணான்னாரு. நான் சொல்றேன்.”

நின்றுகொண்டே சொன்னாள். சோகை வாரியது, தீப்பெட்டி, நரசிம்மனிடம் தலையசைத்தது, பதினைந்து பேர் வரப்புத் தாண்டியது எல்லாவற்றையும் சொன்னாள். தெருக்குழாயில் நின்று ஸ்தோத்திரம் கேட்டதையும் சொன்னாள். செல்லம்மா ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் புருஷனின் முதுகைப் பார்த்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“இப்பத்தான். பத்து மணிக்கு,” என்றார் ஆபிரகாம்.

“பத்து மணிலருந்து பன்னண்டு வரைக்கும் எங்கிட்ட மறைக்கலாம்னு இருந்தியா.”

செல்லம்மா விரித்த இரண்டு இலைகளையும் மடித்தாள். பானையை மூடினாள். குழம்புச்சட்டியைக் கூடைக்குள் வைத்து, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். கூடையைத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். பழக்கத்தில் காசியம்மாள் கை நீட்டினாள். செல்லம்மா அந்தக் கையைத் தள்ளவும் இல்லை, அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. முழங்காலில் ஏற்றித் தானே தூக்கிக்கொண்டாள்.

“இன்னும் எத்தினி கட்டு வேணும் லோடுக்கு?”

“நாப்பது,” என்றாள் காசியம்மாள்.

“வெட்டு.”

சோற்றை எடுத்துக்கொண்டு வரப்போடு போய்விட்டாள். புருஷனுக்கும் போடவில்லை. வளைவு திரும்பும்வரை அந்தக் கூடை ஆடாமல் போனது.

பிறகு ஆபிரகாம் இடது கையால் கத்தியை எடுத்தார். அவளும் எடுத்தாள். நாற்பது கட்டுக்கு வேண்டியதை வெட்டி முடிய மூன்று மணியாகிவிட்டது. கடல்காற்று உப்போடு அடித்தது. பிறகு அதைக் கட்டிக்கொண்டு வந்தபோது, இருபத்தைந்தாவது கட்டில் காசியம்மாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டின்மேல் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று தனக்கு என்று அவளுக்கே உடனே விளங்கவில்லை. நெருப்பு வைத்த நாளுக்கப்புறம் இன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.